பதினேழாம் பக்கம்

டாக்டர் ஆம்புரோஸ் டில்காட் சாவதற்கு ஆறு வருடம் முன்பே தன் சிலையைச் செய்து மார்ல்பி தேவாலயத்தில் நிறுத்திவிட்டார். செத்த பிறகு மற்றவர்களை நம்பினால் மூக்கைச் சப்பையாக வைத்துவிடுவார்கள் என்று பயம். பளிங்கில் முழங்காலிட்டு, ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் அளவுகோலோடு இருந்தது சிலை. ஞாயிறுதோறும் அதற்கு எதிர்ப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, பிரசங்கம் முடியும் வரை தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். பிரசங்கத்தைக் கேட்பதைவிட அது பிரயோசனமான வேலை என்று ஊரில் யாரும் மறுக்கவில்லை.

சிலையின் கையிலிருந்த புத்தகம் அவரே எழுதியது. நோவாவின் பேழை எத்தனை முழ நீளம், எத்தனை முழ அகலம், அதில் யானைக்கு எவ்வளவு வைக்கோல் ஏற்றியிருப்பார்கள் என்று இருபத்திரண்டு வருடம் ஆராய்ந்து எண்ணூறு பக்கம் எழுதியிருந்தார். சொந்தச் செலவில் அச்சிட்டு, பிஷப்பிலிருந்து குதிரை வைத்தியன் வரை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். எல்லோரும் புகழ்ந்தார்கள். "என்ன ஆழம்!" என்றார் பிஷப். ஆழமான தண்ணீரில் இறங்காதவர்கள்தான் அப்படிச் சொல்வது வழக்கம். அச்சுக்கூடத்து ஆட்களைக் கேட்டால் உள்ளே இருப்பது தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் எழுத்து எழுத்தாகக் கோப்பவர்கள், வாக்கியம் வாக்கியமாகப் படிக்கும் கெட்ட பழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

டாக்டர் இறந்தார். உயிலைத் திறந்தார்கள். மனிதர் வள்ளல்தான், அதில் சந்தேகமில்லை. ஆறு ஏழை விதவைகளுக்கு ஆளுக்கு ஒரு அறை, ஒவ்வோர் அறையிலும் கணப்பு என்று ஒரு தர்ம விடுதி கட்டி வைத்திருந்தார். அண்ணன் மகன் பெரக்ரீனுக்குப் பண்ணை வீடு. ஆக்ஸ்ஃபோர்டில் தான் படித்த கல்லூரிக்கு நிலமும், ஆசான்கள் தங்குவதற்குப் புதிய அறைகளும். மூன்று பேருக்கும் கூடவே ஆளுக்கு ஒரு பிரதியும் ஒரு நிபந்தனையும்: அவருடைய புத்தகத்தை வாசிக்க வேண்டும். விடுதியில் தினமும் காலை பத்து மணிக்கு, பெரக்ரீன் வீட்டில் ஞாயிறுதோறும், கல்லூரியில் விருந்து நாட்களில், முதலிலிருந்து கடைசி வரை, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

வாசிக்காவிட்டால்? அதையும் யோசித்து வைத்திருந்தார். விடுதியில் வாசிப்பு தவறினால் விடுதி பெரக்ரீனுக்கு. பெரக்ரீன் வீட்டில் தவறினால் வீடு கல்லூரிக்கு. கல்லூரியில் தவறினால் நிலமும் அறைகளும் விடுதியின் விதவைகளுக்கு. ஒருவனை ஒருவன் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பான் என்று கணக்குப் போட்டார். பேழையின் நீளத்தை அளந்தவருக்கு மனிதனின் சோம்பேறித்தனத்தை அளக்கத் தெரியவில்லை. இந்த வாசகங்களை ஒரு பலகையில் வண்ணத்தில் எழுதி விடுதிக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். பதினோரு வருடமாக எல்லோரும் அதன் கீழே நடந்துபோனார்கள்.

விடுதியின் மூன்றாவது அறையில் இருந்தவள் தாம்சின். அறுபத்தெட்டு வயது. டாக்டர் வீட்டில் முப்பது வருடம் சமையலும் சலவையும் பார்த்தவள். அதனால் அவளுக்கு அறை கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால் உயிலில் 'ஏழை விதவைகள்' என்றுதான் இருந்ததே தவிர அவள் பெயர் இல்லை. முப்பது வருடத்தில் டாக்டர் அவளோடு பேசியதெல்லாம் ஆட்டிறைச்சி, அழுக்குத் துணி, கதவிடுக்கில் வரும் காற்று ஆகிய மூன்று விஷயங்களைப் பற்றித்தான். இருந்தாலும் அறை அறைதான். கதவுக்கு உட்புறம் தாழ்ப்பாள் இருந்தது. அதுவரை அவள் தூங்கிய எந்த இடத்திலும் உட்புறம் தாழ்ப்பாள் இருந்ததில்லை. அந்தத் தாழ்ப்பாளுக்காகப் பேழையையே தலையில் சுமக்கச் சொன்னாலும் சுமந்திருப்பாள்.

தினமும் வாசிக்க நியமிக்கப்பட்டவர் துணைப் பாதிரி ஸைலஸ் பட். நல்ல மனிதர், சாதுவானவர், வேலை என்றால் மட்டும் அலர்ஜி. அந்தக் காலத்துப் புத்தகங்களில் அச்சிட்ட தாளை மடித்து அப்படியே தைத்துவிடுவார்கள். படிக்கிறவன்தான் கத்தி எடுத்து மடிப்பை வெட்டிப் பக்கங்களைத் திறந்துகொள்ள வேண்டும். பட் முதல் நாள் ரொட்டிக் கத்தியால் முதல் மடிப்பை வெட்டினார். பதினாறு பக்கம் திறந்தது, கூடவே அவருடைய கட்டைவிரலும் திறந்துகொண்டது. அன்றோடு கத்தியை வைத்தவர்தான். அந்தப் பதினாறு பக்கத்தையே பதினோரு வருடமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

விதவைகளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். பின்னல் ஊசியை நிறுத்தாமலே அவருக்கு முன்னால் அடுத்த வரியைச் சொல்லுவார்கள். முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், மேல் தளத்தில் பறவைகள், நடுத் தளத்தில் கொம்புள்ளவை என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். எண்ணூறு பக்கமும் கேட்க வேண்டும் என்று அவர்களில் யாரும் கண்ணீர் விடவில்லை.

வினை வந்தது மழை உருவத்தில். செப்டம்பர் மாதம் ஒருநாள் வேட்டைக்குப் போன பெரக்ரீன் டில்காட், மழைக்கு விடுதிக் கூடத்தில் ஒதுங்கினான். அவனுக்குப் பதினெட்டு வேட்டைநாய்கள். அவற்றுக்குத் தோதான இடம் கிடைக்காமல் வெகுநாளாக வருத்தத்தில் இருந்தான். ஆறு அறை, ஆறு கணப்பு, அறைக்கு மூன்று நாய் என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தவன், சும்மா இருக்காமல் புத்தகத்தைக் கையில் எடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புத்தகம் அவனுக்கு மகிழ்ச்சி கொடுத்தது. அன்று மாலையே, உயிலை மேற்பார்க்கும் பொறுப்பிலிருந்த கல்லூரிக்குக் கடிதம் போனது.

அக்டோபரில் விசாரணைக்கு வந்தார் டாக்டர் கிறிஸ்பின் ஹாலோவே. டில்காட் கட்டிக்கொடுத்த அறையிலேயே வசிக்கும் கல்லூரி ஆசான், டில்காட் நிலத்து ஆட்டை உண்டு உடம்பு தேறியவர். கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். கல்லூரியின் பிரதியையும் குதிரைப் பையில் கொண்டுவந்து கம்பீரத்துக்காக முன்னால் வைத்துக்கொண்டார். பக்கத்தில் பெரக்ரீன். எதிரே பட், கட்டைவிரலைத் தடவிக்கொண்டு. பின்னால் ஆறு விதவைகள், சாம்பல் நிற அங்கியில், மார்பில் விடுதியின் சின்னமாகக் குத்திய சிறு பித்தளைப் பேழையோடு.

"ஏன் பாதிரியாரே, பதினாறு பக்கத்துக்கு மேல ஏன் வெட்டல?" என்றார் ஹாலோவே.

பட் தன் கட்டைவிரலைக் காட்டினார்.

"இதான் காரணமா?"

"ரத்தம் நிறைய போச்சுங்க ஐயா."

"பதினோரு வருஷமாவா போச்சு?" என்று சிரித்தான் பெரக்ரீன். "டாக்டர் ஐயா, இதுக்கு மேல என்ன வேணும்? சித்தப்பா தெளிவா எழுதி வெச்சிருக்காரு. வாசிக்கலேன்னா விடுதி எனக்கு. பெரியம்மாமாருங்க நவம்பருக்குள்ள காலி பண்ணட்டும். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல, மூட்டை கட்ட நாலு நாள் கூடவே தரேன்."

நாலாவது அறைக்காரி ஆட்ரி தாம்சினின் கையைப் பிடித்தாள். "ஏண்டி, பனி கொட்டற நேரத்துல எங்கேடி போறது? எனக்கு ஒரு நாதியும் இல்லையே."

தாம்சினுக்கும் இல்லை. ஆனால் முப்பது வருடம் ஒரு படித்தவர் வீட்டைப் பெருக்கியவளுக்குப் படித்தவர்களைப் பற்றி ஒரு விஷயம் தெரியும்: புத்தகத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், படித்தார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். அவள் எழுந்து மேசைக்கு அருகே போனாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"அது உங்க காலேஜுப் புஸ்தகமா? அழகா இருக்கு. தோல் அட்டையெல்லாம் போட்டு." குனிந்து பக்கங்களின் ஓரத்தைப் பார்த்தாள். "எங்களுதுலயாவது பதினாறு பக்கம் வெட்டியிருக்கு. இதுல முதப் பக்கமே வெட்டலையே?"

கூடத்தில் பின்னல் ஊசிகள் நின்றன. ஹாலோவே தன் கையைப் புத்தகத்தின் மேல் வைத்தார். கை சின்னது, புத்தகம் பெரியது.

"கல்லூரியில... வேற பிரதி இருக்கு" என்றார்.

"அப்படீங்களா? உயில்ல ஆளுக்கு ஒண்ணுன்னுதானே போட்டிருக்கு. பலகைய பாருங்களேன், உங்க தலைக்கு மேலதான் இருக்கு." பிறகு பெரக்ரீன் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்க வீட்டுது எங்க இருக்கு? போன கிறிஸ்மஸுக்குப் பாத்திரம் தேய்க்க வந்தப்போ பார்த்தேன். உங்க சம்சாரம் கழுத்துப்பட்டை கசங்காம இருக்க அதைத்தானே மேல வெச்சு அமுக்கியிருந்தாங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்கே தம்பி. எங்க ரூமு உங்களுக்கு. சரி, எடுத்துக்கோங்க. உங்க வீடு காலேஜுக்கு. காலேஜு அறையெல்லாம் எங்களுக்கு. ஏய் ஆட்ரி, மூட்டை கட்டுடி, ஆக்ஸ்ஃபோர்டு போறோம்! டாக்டர் ஐயா இவரு பண்ணை வீட்டுக்கு வரட்டும். இவரு என் மூணாம் நம்பர் ரூமுல இருக்கட்டும். தம்பி, வடக்குக் காத்து அடிச்சா மட்டும் கணப்பு கொஞ்சம் புகையும், பார்த்துக்கோங்க. நாய்ங்கதான் தும்மும்."

ஆறு விதவைகளும் சிரித்த சிரிப்பில் பித்தளைப் பேழைகள் குலுங்கின. பட்டும் சிரித்தார், பிறகு தான் யார் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

ஹாலோவேக்கு முகம் வெளுத்தது. கல்லூரி அறையின் கிழக்கு ஜன்னலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தொடையும் அவர் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும். ஆனாலும் படித்தவர், உடனே தோற்றுப்போகமாட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெட்டறது முக்கியமில்ல. புத்தகத்தோட சாரம் தெரியணும், அதான் முக்கியம். எங்க கல்லூரியில அந்தச் சாரம் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு சோதிச்சிடலாம். பதினேழாம் பக்கத்துலேர்ந்து ஒரு கேள்வி கேக்கறேன்." பேனாக் கத்தியை எடுத்து விடுதிப் பிரதியின் அடுத்த மடிப்பைச் சரக்கென்று வெட்டினார். இங்கிலாந்தில் அந்தப் பக்கத்தின் மேல் வெளிச்சம் பட்டது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். வகுப்பறைப் பழக்கத்தில், பார்க்குமுன்பே உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"'பேழையைப் பற்றி எனக்குத் தெரிந்தது முந்தைய பக்கத்தோடு முடிந்துவிட்டது. இந்த இடத்துக்கு வந்து சேர எவனும் கத்தி எடுக்கமாட்டான் என்பதால், இனி எழுநூற்றுச் சொச்சம் பக்கமும் மனம் விட்டுப் பேசப்போகிறேன். முதலில் என் கல்லூரி. அங்கே உள்ள ஆசான்களைப் போல மாட்டிறைச்சியை ஆழமாகக் கற்றவர்கள்...'"

நின்றுவிட்டார்.

"அப்புறம்?" என்றாள் தாம்சின்.

"அச்சுப் பிழை மாதிரி இருக்கு."

"சாரம் நல்லாத்தானே இருக்கு. மேல படிங்க ஐயா."

பெரக்ரீன் புத்தகத்தைப் பிடுங்கினான். கல்லூரிக்காரனைத் திட்டியிருக்கிறார் என்றதும் அவனுக்குச் சித்தப்பாவின் மேல் திடீர்ப் பாசம். விரலை ஓட்டிக்கொண்டே வந்தவன், பாதி வழியில் தன் பெயரைக் கண்டுபிடித்தான். உதடுகளை அசைத்து மெதுவாகப் படித்தான். 'என் அண்ணன் மகனிடம் ஒரு நல்ல குணம் உண்டு, அவன் நாய்கள்' என்பது வரை எல்லோர் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் காது மடல் சிவந்ததைத்தான் பார்த்தார்கள். புத்தகத்தை மேசைமேல் எறிந்தான்.

தாம்சின் அதைத் தன் பக்கம் இழுத்தாள். அச்செழுத்தைக் கூட்டிப் படிக்க அவளுக்குத் தெரியும், அவள் அம்மா கற்றுக்கொடுத்திருந்தாள். புரட்டிக்கொண்டே வந்தவளுக்கு, வெட்டித் திறந்த கடைசிப் பக்கத்தின் அடியில் ஏதோ கண்ணைக் கவ்வியது. தன் பெயரைத் தானே பார்த்துக்கொள்வது, அதுவும் அச்சில் பார்ப்பது, அவளுக்குப் பழக்கமில்லாத விஷயம். விரல் வைத்து, வாய்க்குள் படித்தாள்.

'தாம்சின் இருபது ஆண்டுக்கு மேலாக என் வீட்டில் இருக்கிறாள். மெழுகுவர்த்தித் துண்டுகளைத் திருடி விற்கிறாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. அச்சுக்குக் கொடுக்குமுன் என் புத்தகம் எப்படி இருக்கிறது என்று பிஷப்பைக் கேட்டேன், கல்லூரியைக் கேட்டேன். அவளைக் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அவள் என்னிடம்'

அதோடு பக்கம் முடிந்தது. அடியில், ஓரமாக, ஒற்றைச் சொல் தனியாக நின்றது. அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை முந்தைய பக்கத்தின் அடியில் போட்டுவைப்பது அச்சுக்காரர்களின் வழக்கம், தாள் மாறிப்போகாமல் இருப்பதற்காக. அந்தச் சொல் 'ஒருமுறைகூட' என்பது. அடுத்த மடிப்பு வெட்டப்படாமல் இருந்தது.

அவள் கத்திக்காகக் கையை நீட்டினாள். ஹாலோவே கத்தியை மூடிச் சட்டைப்பையில் போட்டார். மனிதர் ஒரு நிமிடத்தில் சுதாரித்துக்கொண்டிருந்தார்.

"நான் தீர்ப்பு சொல்லிடறேன். டாக்டர் டில்காட்டோட புத்தகம்ங்கறது முதல் பதினாறு பக்கம். பேழை அதோட முடிஞ்சுடுதுன்னு அவரே எழுதியிருக்காரு. மீதி வெறும் பின்னிணைப்பு. விடுதியில பதினாறு பக்கமும் தவறாம வாசிச்சிருக்காங்க. அதனால விடுதி விதவைகளுக்கே. பெரக்ரீன் சார், உங்க வீட்டுலயும் வாசிச்சிருப்பீங்கன்னு நான் நம்பறேன்."

"வாசிச்சிருப்போம், வாசிச்சிருப்போம்" என்றான் பெரக்ரீன். நாய்களை அவன் மறந்தே போயிருந்தான்.

"கல்லூரியிலயும் அப்படியே. பாதிரியார் இந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் தனியா எடுத்துத் தெச்சுக்கட்டும். மீதியை நான் கொண்டுபோறேன். மூணு பிரதியையும் பித்தளைக் கொக்கி போட்டு, பெட்டியில பூட்டி, மரியாதையா வெச்சிடறோம். ஊருல கொடுத்ததையும் தேடி வாங்கிடறோம். இவ்வளவு பெரிய அறிவைக் கண்டவங்க கையிலயும் விடக்கூடாது."

"ஐயா" என்றாள் தாம்சின். "ஒரே ஒரு மடிப்பு. அடுத்த பக்கத்தோட முத வரி மட்டும் பார்த்துட்டுக் கொடுத்துடறேன்."

"முடியாதும்மா."

"அதுல என்னைப் பத்தி இருக்கு."

"என்னைப் பத்தியும்தான் இருக்கு!" என்று கத்தினான் பெரக்ரீன்.

ஹாலோவே குரலைத் தாழ்த்தினார். மிரட்டும்போது மரியாதையாகப் பேசுவது அவர்கள் கல்லூரியின் பழைய பழக்கம். "இதோ பாரும்மா. அடுத்த பக்கமும் புத்தகம்தான்னா, நீங்க அதை வாசிக்கலைன்னு ஆயிடும். அப்போ விஷயம் லண்டன் கோர்ட்டுக்குப் போகும். குறைஞ்சது ஏழு வருஷம். அது முடியற வரைக்கும் விடுதியைப் பூட்டித்தான் வைக்கணும். குளிர்காலம் வேற வருது. அந்த மடிப்பை வெட்டணும்னா சொல்லு, நானே கத்தியைத் தரேன். வேண்டாம்னாலும் உன் வாயாலயே சொல்லு."

தாம்சின் திரும்பிப் பார்த்தாள். ஆட்ரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மற்ற நாலு பேரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர், ஐந்து தாழ்ப்பாள்.

முப்பது வருடம் அந்த மனிதர் சாப்பிட்ட தட்டைக் கழுவியிருக்கிறாள். அவர் தன்னை நிமிர்ந்து பார்த்ததே இல்லை என்று நினைத்திருந்தாள். பார்த்திருக்கிறார். பார்த்ததை எழுதியிருக்கிறார். எழுதியதை, ஊரில் ஒருவனும் திறக்கமாட்டான் என்று தெரிந்த இடமாகப் பார்த்து வைத்துவிட்டுச் செத்துப்போயிருக்கிறார். பாழாய்ப்போன கிழவர், நேரில் சொன்னால் வாயா சுட்டுவிடும்? அவளுக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தில் கண் நிறைந்தது.

"வேண்டாம், மூடிடுங்க" என்றாள்.

ஹாலோவே மூடினார். ஆட்ரி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெரக்ரீன் எல்லோருக்கும் பியர் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனான், சொன்னபடி அனுப்பவும் செய்தான். தேவாலயத்தில் ஹாலோவே டில்காட்டைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். மனித மூளையால் முழுக்கப் படித்து முடிக்க முடியாத மேதை என்று சொன்னார். பிஷப் அதை அச்சிடச் சொன்னதாகக் கேள்வி.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸைலஸ் பட் பதினாறு பக்கத்தையும் வாசித்தார். மெல்லிய புத்தகமாகிவிட்டதால் கை வலிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டார். விதவைகள் பின்னிக்கொண்டே கூடவே சொன்னார்கள். முந்நூறு முழம், ஐம்பது முழம், கொம்புள்ளவை நடுத் தளத்தில். தாம்சின் மட்டும் சொல்லவில்லை. 'ஒருமுறைகூட' என்ற சொல்லுக்குப் பின்னால் என்னென்ன வரலாம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னதில்லை என்று வைத்தாள், மெழுகுவர்த்தி இடித்தது. எதிர்த்துப் பேசியதில்லை என்று வைத்தாள், அது அவளே சிரிக்கும்படியான பொய். ஒன்றும் கேட்டதில்லை என்று வைத்துப் பார்த்தாள். அன்பாகப் பேசியதில்லை என்று வைத்தாள், அதை உடனே எடுத்துவிட்டாள்.

பட் பதினாறாம் பக்கத்தை முடித்து எழுந்தார். எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டு அவரவர் அறைக்குப் போனார்கள். தாம்சின் போகவில்லை.

"என்னம்மா, உக்காந்துட்டே? முடிஞ்சுபோச்சே" என்றார் பட்.

"தெரியும் பாதிரியாரே. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்" என்றாள் அவள்.